பைக்கின் சட்டத்தை வெட்டினால் சட்டம் சும்மா விடுமா? நீங்களே செய்வதா, ஆளிடம் கொடுப்பதா? முழு விளக்கம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பைக் என்பது வெறும் ஆள் ஏறும் வண்டி கிடையாது. யூரியா மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு, பம்ப்செட் மோட்டார் என்று எல்லாமே அதில்தான் ஏறும். அதனால், "பின்னாடி ரெண்டு ஆங்கிள் வச்சு நீட்டி வெல்டு அடிச்சிடுண்ணே" என்ற பேச்சு இங்கே பட்டறைகளில் சகஜம். இன்னொரு பக்கம், பழைய ஆர்எக்ஸ் 100-ஐயோ புல்லட்டையோ வாங்கி, பின்பக்க ஃப்ரேமை அறுத்து 'கஃபே ரேசர்' ஆக்க ஆசைப்படும் இளைஞர்கள்.

இரண்டு தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான். ஃப்ரேம் வேலையை நாமே செய்யலாமா, தொழில் தெரிந்த ஆளிடம் கொடுக்கலாமா? அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதைச் செய்ய அனுமதி உண்டா?

ஃப்ரேம் என்ன வேலை செய்கிறது?

ஃப்ரேம்தான் பைக்கின் எலும்புக்கூடு. இன்ஜின், முன் ஃபோர்க், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் எல்லாம் இதில்தான் பூட்டப்பட்டிருக்கும். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மெயின் ஃப்ரேம். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருந்து ஸ்விங்ஆர்ம் வரை வருவது. இன்னொன்று, சப்-ஃப்ரேம். சீட்டையும் பின்னால் உட்காருபவரையும் தாங்குவது.

கழுத்துப் பகுதியின் சாய்வு ஓரிரு டிகிரி மாறினாலும் வண்டி ஓடும் விதமே மாறிவிடும். வேகமாகப் போகும்போது ஹேண்டில் ஆடுவது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் அதன் விளைவு.

மூட்டைக் கணக்கையும் பாருங்கள். கொள்முதல் நிலைய நெல் மூட்டை ஒன்று 40 கிலோ, யூரியா மூட்டை 45 கிலோ. இதைப் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் நீட்டிய கேரியரில் வைத்தால், அது ஏற்றக்கால் போல வேலை செய்யும். பின்பக்கம் அமுங்க அமுங்க, முன்சக்கரம் தரையைப் பிடிக்கும் அழுத்தம் குறையும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி சொன்னபடி கேட்காது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல் என்றிருக்கும் டெல்டா சாலைகளில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டு வெல்டிங்கில் எங்கே சிக்கல்?

டெல்டாவில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. டிராக்டர் கேஜ் வீல், டிரெய்லர், கலப்பை என்று கனமான இரும்பு வேலைகளை அசத்தலாகச் செய்கிறார்கள். ஆனால், பைக் ஃப்ரேம் கனமான இரும்பு இல்லை. உள்ளே வெற்றிடமாக இருக்கும் மெல்லிய ஸ்டீல் குழாய். கேஜ் வீலுக்குக் கொடுக்கும் அதே கரண்ட்டைக் கொடுத்தால் குழாய் ஓட்டை விழும். கரண்ட்டைக் குறைத்தால் பற்று மேலோடு நின்றுவிடும், ஆழமாகப் பிடிக்காது.

பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் சூடு ஏறிய பகுதியின் தன்மையும் மாறும். வெல்டு நன்றாக இருக்கும்போதே, அதை ஒட்டிய இடத்தில் விரிசல் தொடங்குவது இதனால்தான். இது முதல் நாளே தெரியாது. மாதக்கணக்கில் குழியிலும் மேட்டிலும் ஓடிய பிறகு ஒருநாள் பட்டென்று விடும்.

இன்னும் இரண்டு ஆபத்துகள். பெட்ரோல் டேங்கைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கலாம். புதிய பிஎஸ்-6 வண்டிகளில் பேட்டரி இணைப்பை எடுக்காமல் வெல்டிங் செய்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி பழுதாகலாம்.

தொழில்முறை ஆள் வித்தியாசமாக என்ன செய்வார்?

முதலில், ஃப்ரேமை முழுக்கப் பிரித்து 'ஜிக்' எனப்படும் அளவுச் சட்டத்தில் பூட்டுவார். சூட்டில் குழாய் வளையாமல் இருக்கவும், இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கவும் இது அவசியம். உலோகம் எது என்று பார்த்து டிக் அல்லது மிக் வெல்டிங் தேர்வு செய்வார். அலுமினிய ஃப்ரேம் என்றால் சாதாரண ஆர்க் வெல்டிங் பக்கமே போகமாட்டார். முடித்ததும் சாயம் தடவி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பார்.

எனவே ஆளிடம் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஜிக் இருக்கிறதா? என்ன வெல்டிங்? விரிசல் சோதனை உண்டா? "அதெல்லாம் கண்ணாலேயே பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சட்டம் வேறு கணக்குப் போடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52-ன்படி, தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி. புக்கில் உள்ள விவரத்துக்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஸ்விங்ஆர்மை நீட்டினால் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரமான வீல்பேஸ் மாறும். இரும்பு சேர்த்தால் வண்டியின் எடை மாறும். இரண்டுமே பதிவில் இருக்கும் விவரங்கள்.

கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. மாநில விதிகளைக் காட்டி, தயாரிப்பு நிறுவனத்தின் வடிவமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்ற முடியாது என்று நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியில்லாத மாற்றம் செய்யும் வண்டி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். "நான் செய்யல, மெக்கானிக்தான் செஞ்சார்" என்பது இங்கே உதவாது.

இன்சூரன்ஸிலும் இடி விழும். நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், சேதத்துக்கான க்ளைம் மறுக்கப்படலாம்.

ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றங்களைச் சோதித்து, வண்டி ஆவணத்தில் பதிவு செய்ய ஒரு நடைமுறை இருக்கிறது. தனிநபர் பைக் ஃப்ரேமுக்கு நம் ஊரில் அப்படி எளிதான வழி இல்லை.

அப்போ மூட்டையை எப்படி ஏற்றுவது?

வெட்டாமல், ஒட்டாமல் செய்ய வழி உண்டு. 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரத்துக்கு மிகாத இலகுரகப் பெட்டியை இருசக்கர வாகனத்தின் பின்னால் பொருத்த மத்திய மோட்டார் வாகன விதிகள் இடம் தருகின்றன. பின்சீட் இடத்தில் வைத்தால் ஓட்டுநர் மட்டுமே போகலாம். மொத்த எடை, நிறுவனம் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த எடை இருக்கும்.

நிறுவனமே விற்கும், நட்டு போல்ட்டில் மாட்டும் கேரியரை நீங்களே பொருத்தலாம். கிரிப், சீட் கவர் போன்றவையும் வீட்டு வேலைதான். ஆனால் பின்சீட் கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், சேலை சிக்காமல் தடுக்கும் கார்டு ஆகியவற்றைக் கழற்றக் கூடாது. அவை விதிப்படி கட்டாயம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டா?

உண்டு. அவர்களுக்கு ஏற்றபடி வண்டியை மாற்ற சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால், ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி. பதிவும் வேண்டும். இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழ்நாடு அரசே தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. பட்டறையில் பணம் கொடுக்கும் முன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா?

கழுத்துப் பகுதியிலும் ஸ்விங்ஆர்ம் பூட்டிலும் பெயின்ட் வெடித்திருக்கிறதா, புது பெயின்ட் மட்டும் தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முன்பின் சக்கரங்களை ஒட்டி நூல் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் அழிந்திருந்தாலோ, திரும்ப அடித்தது போல இருந்தாலோ வாங்கவே வேண்டாம். திருட்டு வண்டி வழக்கில் நீங்கள் சிக்க நேரிடும்.

விபத்தில் ஃப்ரேம் வளைந்திருந்தால்?

தட்டி நிமிர்த்துவதைவிட, நிறுவனம் தரும் அதே மாடல் புது ஃப்ரேமை மாற்றுவதே பாதுகாப்பு. சேஸிஸ் எண் சம்பந்தப்பட்டது என்பதால், வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் சொல்லிவிடுங்கள்.

மொத்தத்தில், நட்டு போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடியதை நீங்களே செய்யலாம். விரிசலும் வளைவும் ஜிக் வைத்திருக்கும் ஆளின் வேலை. மெயின் ஃப்ரேமை அறுப்பது, நீட்டுவது மட்டும் யார் செய்தாலும் வேண்டாம்.