மலையக வீடும் வெப்பக் காவலும்

நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியதாகும். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. இக்குளிருக்கும் உறங்கும் தொழிலாளிக்கும் இடையே பலகாலம் நின்றது ஒரு தகரமே.

மழையில்லாத இரவிலும் அத்தகரத்திலிருந்து நீர் சொட்டுவதை லயத்து மக்கள் நன்கறிவர். முகிலற்ற வானை நோக்கித் தகரம் தன் வெப்பத்தைக் கதிர்வீசி, சூழ்ந்த வளியினும் குளிர்ந்துவிடுகிறது. மூச்சிலும் சமையலிலும் எழும் நீராவி அதன் அடிப்புறத்திற் பட்டு ஒடுங்கித் துளியாகிறது. கம்பளி நனைவதும் சுவரிற் பூஞ்சணம் படர்வதும் இதனாலேயே.

லயக் காம்பராவைப் புகழ்வார் எவருமிலர். எனினும் அதற்கொரு பௌதிக நன்மை இருந்தது. முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட லயத்தின் நடுக் காம்பராவுக்கு வெளிச்சுவர் ஒன்றே. ஏனைய மூன்றும் அயலார் அடுப்பின் சூட்டைப் பகிர்ந்தன. இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கிய 4,000 வீட்டுத் திட்டத்தில் எழுந்தவை, 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகள். 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். காணி உரிமையோடு கூடிய தனிவீடு பெரும்பேறே. ஆனால் அதன் நான்கு சுவர்களும் குளிர்காற்றுக்கு முகங்காட்டுகின்றன.

கம்பளி வெப்பத்தைப் பிறப்பிப்பதில்லை. தன் இழைகளுள் வளியை அசையாது சிறைப்படுத்துகிறது. மக்கள் ரெஜிபோம் என வழங்கும் நுரைப் பலகையும் அவ்வாறே. ஓரங்குல ரெஜிபோம் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க, ஏறத்தாழ இரண்டடிக் கனமுள்ள சீமெந்துச் சுவர் வேண்டும். சூடான வளி மேலெழுவதாலும், இரவில் வானை நோக்கி நிற்பது கூரையே ஆதலாலும், சிறு முதலுடையோர் முதலிற் காக்க வேண்டியது கூரையின் அடிப்புறமே. காவலிக்குக் கீழே பொலித்தீன் விரித்தால் நீராவி மேலேறித் தகரத்தை அடையாது.

நுரைப் பலகை எளிதில் தீப்பற்றி நச்சுப் புகை உமிழும். ஆதலின் அதனைத் திறந்தபடி விடலாகாது. சீமெந்துத் தகட்டால் மூடுதல் வேண்டும். விறகடுப்பு எரியும் வீட்டிற் புகைபோக்கி அமைக்காமல் இடுக்குகளை அடைத்தல் குளிரினும் கொடிய கேடாகும். காலங்காலமாகப் புகை வெளியேறியது அவ்விடுக்குகளின் வழியேதான்.

சுவர்களுள், அட்டன் பக்கத்தில் தென்மேற் பருவக்காற்று மோதும் பக்கத்துச் சுவரே முந்தியது. நனைந்த கல் உலர்ந்த கல்லிலும் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அங்கு நல்ல சாந்துப் பூச்சும் நீண்ட கூரை இறப்புமே முதற் காவலாம். நுரைப் பலகை பின்னர் வரலாம்.