பெட்டிச் சாவியும் ஊர்க் கட்டுப்பாடும்

சேரமான் பெருமாள் அளித்த பொன்னுடன் திரும்பிய சுந்தரரை, சிவபெருமானின் பூதகணங்கள் வேடுவர் உருவில் வழிமறித்துக் கொள்ளையிட்ட தலம் திருமுருகன்பூண்டி என்பர். சுந்தரர் பதிகம் பாடிப் பொருளை மீட்டார். பாட வல்லமை இல்லாத வணிகர் என் செய்வர்? பொன்னைச் சுமக்காமலே தொலைதூரம் பணம் அனுப்ப உண்டியல் முறையைக் கையாண்டனர். ஆயினும் மற்றொரு கவலை எஞ்சியது: கடல் கடந்த கடையில் பெட்டிச் சாவியை வைத்திருப்பவனைக் கண்காணிப்பது எவ்வாறு?

இதற்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் கண்ட விடை, சட்டப் புத்தகத்தில் இல்லை. ஊர் வழக்கத்தில் இருந்தது. ரங்கூனிலும் பினாங்கிலும் கடையை நடத்திய மேலாள், பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் அனுப்பப்பட்டார். அவருக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் தொழில் பயின்றனர். மேலாளின் குடும்பம் செட்டிநாட்டிலேயே இருக்கும். கணக்கும் கடிதமும் முதலாளிக்குத் தவறாமல் வரவேண்டும். கிட்டங்கியில் பல கடைகள் ஒரே கூடத்தில் அருகருகே நடந்ததால், ஒருவரின் நடத்தை மற்றவருக்கு மறைவதில்லை. ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்த அச்சமூகத்தில், நாணயம் தவறியவனுக்கு வேலை மட்டுமன்று, சம்பந்தமும் அரிதாகும். இதைவிடக் கடுமையான தணிக்கை வேறு உண்டோ?

எனினும் உறவைக் காவலாகக் கொண்ட முதலுக்கு ஒரு குறையும் உண்டு. உறவின் எல்லையைத் தாண்ட அது தயங்கும். பூண்டிக்கு அருகிலுள்ள திருப்பூரே இதற்குச் சான்று. அவ்வூரின் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தார் அதிக முதலுடன் தொழில் தொடங்கினர். வெளியிலிருந்து வந்தோர் குறைந்த முதலுடன் தொடங்கியும் விரைந்து வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் அவர்களை விஞ்சினர் என்று அவர்கள் கண்டனர். பணம் சொந்தத்தாரை எளிதில் அடைந்தது. திறமையோ வேறிடத்திலும் இருந்தது.

நமது முன்னோர் வளர்த்த நாணயமும் கணக்கு ஒழுங்கும் போற்றிக் காக்கத்தக்கவை. ஆனால் நாட்டின் செல்வம் பெருகவேண்டுமாயின், கடன் கொடுப்போர் கேட்கவேண்டியது "இவன் யார் மகன்?" என்பதன்று, "இவன் பேரேடு என்ன சொல்கிறது, வாங்கிய சரக்குக்குத் தவணை தவறாது பணம் கட்டுகிறானா?" என்பதே. தறியை நன்கறிந்தும் உறவு பலமில்லாத இளைஞனுக்கு அந்த ஒரு கேள்வியே வாழ்வளிக்கும்.