ஓடினால் ஏன் சுகமாக இருக்கிறது?

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹானா மேயரின் குழு 2009-ஆம் ஆண்டு வெட்டவெளியில் ஒரு சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்தது. கூண்டில் வளரும் எலிகள் ஏறிச் சுற்றுமே, அந்த ஓட்டச் சக்கரம்தான். ஆய்வகத்து எலிகள் அதில் மணிக்கணக்கில் ஓடும் என்பது தெரிந்த விஷயம். அடைபட்டுக் கிடப்பதால் வந்த தவிப்பு அது, வேறு போக்கிடம் இல்லாத விலங்கு அப்படித்தான் செய்யும் என்று பல ஆய்வாளர்கள் கருதினார்கள். அது உண்மையானால், இஷ்டம்போல் திரியும் எலி அந்தச் சக்கரத்தைத் திரும்பியும் பார்க்கக் கூடாது. கேமராவில் பதிவானது வேறு. சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. இறங்கிப் போய், மறுபடி வந்து ஓடின. தவளைகள் ஏறின. ஓடில்லாத நத்தைகள்கூடச் சக்கரத்தை மெல்ல நகர்த்தின. விலங்குகளை ஈர்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த உணவை எடுத்துவிட்ட பிறகும் எலிகள் வந்து ஓடிக்கொண்டிருந்தன. இந்த ஆய்வு 2014-இல் வெளியானது.

இரை தேடியும் ஓடவில்லை, எதிரிக்குப் பயந்தும் ஓடவில்லை. ஓடுவது பிடித்திருந்ததால் ஓடின என்று சொல்வதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மனிதர்களாகிய நாம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசும்போது இந்தப் ‘பிடிப்பது’ என்ற விஷயத்தைத் தொடுவதே இல்லை. சர்க்கரை, கொலஸ்ட்ரால், தொப்பை, மூட்டுவலி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. “டாக்டர் நடக்கச் சொல்லிட்டார்” என்று மாத்திரை விழுங்குகிற முகத்தோடு பூங்காவுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்கிறது ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 2024-இல் வெளியான கணக்கு. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். நடந்தால் நல்லது என்று இவர்களுக்குத் தெரியாதா? தெரியும். நேரமும் இடமும் இல்லாதது ஒரு காரணம். வீட்டு வேலை முழுவதையும் சுமக்கும் பெண்களுக்கு அதுவே பெரிய காரணம். நேரமும் இடமும் இருக்கிறவர்களும் பாதியில் விட்டுவிடுகிறார்களே, அதற்குக் காரணம் அதில் சுகம் காணாததுதான். அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்பதை விஞ்ஞானம் இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்கிறது.

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் ஓர் அனுபவத்தைச் சொல்வார்கள். முதல் சில கிலோமீட்டர்கள் கால் கனக்கும், மூச்சு முட்டும். பிறகு ஒரு கட்டத்தில் வலி பின்வாங்கி, மனசு லேசாகி, இன்னும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம் போலிருக்கும். 1970-களில், மூளையே அபின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது என்று கண்டறியப்பட்டபோது, ஓட்டக்காரர்களின் பரவசத்துக்கும் அதுவே காரணம் என்ற கருத்து பரவியது. எண்டார்ஃபின் என்ற பெயர் ஜிம் சுவர்கள் வரை வந்து சேர்ந்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. ரத்தத்தில் ஏறும் எண்டார்ஃபின் பெரிய மூலக்கூறு; ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி அது எளிதில் உள்ளே போகாது. ரத்தத்தில் அளந்து பார்த்துவிட்டு மூளையைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. ஜெர்மனியில் ஹென்னிங் போக்கர் தலைமையிலான குழு 2008-இல் மூளையையே நேரடியாகப் பார்த்தது. 10 ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் அபின் வகைப் பொருள்கள் சுரந்ததற்கான அடையாளம் தெரிந்தது. எண்டார்ஃபின் கட்சி வென்றுவிட்டதாகவே பலர் நினைத்தார்கள்.

ஆனால் வேறொரு பொருளின் மீதும் சிலருக்குச் சந்தேகம் இருந்தது. கஞ்சா மூளையில் எந்த வாங்கிகளில் போய் ஒட்டிக்கொள்கிறதோ, அதே வாங்கிகளுக்காக உடல் தானே தயாரிக்கும் பொருள்கள் உண்டு. எண்டோகன்னாபினாய்டு என்பது அவற்றின் பொதுப்பெயர். அதில் ஒன்று ஆனந்தமைடு. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு என்பதால் மூளைத் தடுப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மிதமான வேகத்தில் ஓடியவர்களின் ரத்தத்திலும் சைக்கிள் மிதித்தவர்களின் ரத்தத்திலும் அது உயர்ந்திருப்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2003-இலேயே காட்டியிருந்தார்கள். எது உண்மையான காரணம் என்று பிரித்தறிய, ஒன்றைத் தடுத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் யோஹான்னஸ் ஃபுஸ் குழு முதலில் எலிகளில் அதைச் செய்தது. அபின் வாங்கிகளை மருந்தால் அடைத்தாலும், ஓடிய எலிகள் பயம் குறைந்து அமைதியாகவே இருந்தன. கஞ்சா வாங்கிகளை அடைத்தபோது அந்த அமைதி காணாமல் போனது. பிறகு மனிதர்கள். ஹாம்பர்க்கில் 63 பேரை ட்ரெட்மில்லில் 45 நிமிடம் ஓடவைத்தார்கள். சிலருக்கு அபின் வாங்கிகளை அடைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2021-இல் வந்த முடிவு: நால்ட்ரெக்ஸோன் விழுங்கியவர்களும் மற்றவர்களைப் போலவே ஓட்டத்துக்குப் பிறகு உற்சாகமாக இருந்தார்கள், பதற்றம் குறைந்திருந்தது. அபின் வழி அடைபட்டிருந்தும் பரவசம் வந்துவிட்டது. எண்டார்ஃபினுக்கு வலியைத் தணிப்பதில் பங்கு இருக்கலாம். ஓட்டத்தின் ஆனந்தத்துக்கு உரிமை கோரும் தகுதி ஆனந்தமைடுக்கே அதிகம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு நாய்களைப் பற்றியது. டேவிட் ராய்க்லென் என்ற மானுடவியலாளர் மனிதர்கள், நாய்கள், ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு விலங்குகள் ஆகிய மூன்றையும் ட்ரெட்மில்லில் ஓடவைத்து 2012-இல் முடிவை வெளியிட்டார். மனிதர்களுக்கும் நாய்களுக்கும் ஓடியபின் ஆனந்தமைடு உயர்ந்தது. ஃபெரட்டுக்கு உயரவில்லை. நாயும் மனிதனும் நெடுந்தூரம் துரத்தி இரை தேடிய இனங்கள். ஃபெரட் அப்படி ஓடிப் பிழைத்த பிராணி இல்லை. வெகுதூரம் ஓடுவது உயிர்வாழத் தேவையாக இருந்த இனங்களுக்கு, அதை இன்பமாகவும் ஆக்கித் தந்திருக்கிறது பரிணாமம் என்பது அவருடைய கருத்து.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் பிடிப்பதில்லை? பெரும்பாலானவர்களை விரட்டுவது வேகம். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்தவர் பான்டெலெய்மொன் எக்கெகாக்கிஸ். உடற்பயிற்சி முடிந்த பிறகு “எப்படி இருந்தது?” என்று கேட்பதுதான் வழக்கம். முடிந்த பிறகு எல்லோருக்கும் சுகமாகத்தான் இருக்கும், நின்றுவிட்டதே! அவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டார். அப்போது ஒரு எல்லை தெரிந்தது. மூச்சு திடீரெனத் தடதடக்கத் தொடங்கும் ஒரு கட்டம் ஒவ்வொருவருக்கும் உண்டு. உடல் ஆக்சிஜனை மட்டும் நம்பி ஓட முடியாமல் வேறு வழியிலும் சக்தியைத் திரட்ட ஆரம்பிக்கும் கட்டம் அது. அதற்குக் கீழே பெரும்பாலானவர்கள் இன்பமாக உணர்கிறார்கள். அதைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் துன்பம் கூடுகிறது. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, மூச்சு இரைத்து இரண்டிரண்டு சொல்லாகத் துண்டு துண்டாக வருகிறதா என்று பார்த்தாலே எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று சுமாராகத் தெரிந்துவிடும்.

வருஷக்கணக்காக உட்கார்ந்தே வேலை பார்த்தவருக்கும் உடல் பருமன் உள்ளவருக்கும் இந்த எல்லை மிகத் தாழ்வாக இருக்கிறது. வேகநடையே அவர்களை அதைத் தாண்ட வைத்துவிடும். எக்கெகாக்கிஸும் எரிக் லிண்டும் 2006-இல் செய்த ஒரு சிறிய ஆய்வில், பெண்களை முதலில் அவர்களே தேர்ந்தெடுத்த வேகத்தில் நடக்கவிட்டார்கள்; பிறகு அதைவிட வெறும் 10 சதவீதம் கூட்டி நடக்கச் சொன்னார்கள். எடை கூடியவர்களுக்கு அந்த 10 சதவீதத்திலேயே இன்பம் சரியத் தொடங்கியது. ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே “இன்னும் ரெண்டு செட் போடுங்க சார்” என்று விரட்டும் பயிற்சியாளர்கள் இதைப் படிக்க வேண்டும். அடுத்த வாரம் அந்த ‘சார்’ வராமல் போவதை அவருடைய சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம். பிறவியிலேயே ஆளுக்கு ஆள் நாட்டம் வேறுபடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஏழு நாடுகளைச் சேர்ந்த 37,000-க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்து 2006-இல் நடந்த ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வதில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ மரபணுவால் வருவது என்று கணக்கிட்டது.

தொடக்கத்தின் கஷ்டம் இன்னொரு விதத்திலும் நம்மை ஏமாற்றுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று, பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே கேட்டால் ஜனங்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2011-இல் காட்டியது. படுக்கையை விட்டு எழும் நிமிடமும் முதல் பத்து நிமிடக் கனமும் மட்டுமே அப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. மனசுக்குப் பிடித்த பயிற்சியை முதலில் வைத்துக்கொண்டால் இந்தத் தயக்கம் குறைகிறது. பயிற்சி முடிகிற விதமோ நினைவில் தங்குகிறது. 2016-இல் ஸாக்கரி ஸென்கோவும் எக்கெகாக்கிஸும் ஒரே அளவு உழைப்பை இரண்டு விதமாகச் செய்யவைத்தார்கள்: ஒரு குழு லேசாகத் தொடங்கிக் கடுமையாக முடித்தது, மற்றது கடுமையாகத் தொடங்கி லேசாக முடித்தது. லேசாக முடித்தவர்களுக்குப் பயிற்சி இனிய நினைவாகப் பதிந்தது. அடுத்த முறையும் நன்றாக இருக்கும் என்றே அவர்கள் எதிர்பார்த்தார்கள். கடைசிச் சுற்றில் உயிரைக் கொடுத்து ஓடி, தள்ளாடி உட்கார்ந்து முடிக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது.

கூட இருக்கும் ஆள்களால் வரும் சுகம் தனி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படகு ஓட்டும் வீரர்களைத் தனியாகவும் கூட்டாகவும் துடுப்பு இயந்திரத்தில் பயிற்சி செய்யவைத்தார்கள். உழைப்பு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து செய்த நாளில் வலி தாங்கும் திறன் அதிகமாக உயர்ந்திருந்தது. அந்த ஆய்வுக் குழுவில் இருந்த ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் பிறகு பிரேசிலில் பள்ளி மாணவர்களை ஆடவைத்துப் பார்த்தார்கள். உடல் அலுக்க ஆடுவதற்கு ஒரு பலன், எல்லோரும் ஒரே அசைவில் இணைந்து ஆடுவதற்குத் தனியாக ஒரு பலன். இரண்டும் சேரும்போது வலியும் குறைகிறது, ஆடியவர்களுக்குள் ஒட்டுதலும் கூடுகிறது. கும்மியும் கோலாட்டமும் ஒயிலாட்டமும் ஆடுகிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஒயிலாட்டத்தில் அடி கூடக்கூட ஆட்டக்காரர் களைப்பதற்குப் பதிலாகக் கிளர்ந்தெழுவதைத் திருவிழாவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இசையின் பங்கு இதில் பெரிது. எத்தியோப்பியாவின் ஹைலி கெப்ரெசெலாசி 1998-இல் உள்ளரங்க 2,000 மீட்டர் உலக சாதனையை முறியடித்தபோது, தன் காலடிக்குப் பொருந்தும் தாளம் கொண்ட பாட்டை அரங்கில் ஒலிக்கவைத்துத்தான் ஓடினார்.

கூட ஆடுகிறவர்களின் விஷயத்துக்குத் திரும்புவோம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 8,500-க்கும் மேற்பட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. உடலியக்கமே இல்லாதவர்களைவிட, டென்னிஸ் ஆடியவர்கள் சராசரியாக 9.7 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். நம் ஊரில் ஷட்டில் என்று சொல்லும் பாட்மிண்டன் ஆடியவர்கள் 6.2 ஆண்டுகள், கால்பந்து 4.7, சைக்கிள் 3.7, நீச்சல் 3.4, மெல்லோட்டம் 3.2. ஜிம் சாதனங்களில் பயிற்சி செய்தவர்களுக்கு 1.5. வசதி படைத்தவர்கள்தான் டென்னிஸ் ஆடுகிறார்கள் என்பது போன்ற காரணங்களும் இதற்குள் ஒளிந்திருக்கக்கூடும். விளையாட்டுதான் ஆயுளைக் கூட்டியது என்று இந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வரிசையின் மேலே நிற்கும் மூன்றும் எதிரில் இன்னொருவர் இல்லாமல் ஆடமுடியாத ஆட்டங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நண்பர் பேட்டோடு காத்திருப்பார் என்றால் நாம் போய்விடுவோம். இயந்திரம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு நம் பள்ளிக்கூடங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குத் தோப்புக்கரணம். தாமதமாக வந்தவளுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம். உடலை வருத்துவது தண்டனை என்று பத்து வயதில் கற்றுக்கொடுத்துவிட்டு, நாற்பது வயதில் அதையே மருந்து என்கிறோம். அயோவா ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பள்ளி விளையாட்டு வகுப்பின் நல்ல நினைவையும் கெட்ட நினைவையும் கேட்டு 2018-இல் வெளியிட்டார்கள். அணி பிரிக்கும்போது கடைசியாக அழைக்கப்பட்டது, எல்லோர் முன்னும் கேலிக்கு ஆளானது என்று வந்தன பதில்கள். அந்த வகுப்பு ஒருவழியாக முடிந்துபோனதே தங்களுக்கு நல்ல நினைவு என்றவர்களும் இருந்தார்கள். கசந்த நினைவு உள்ளவர்கள், பெரியவர்களான பிறகும் உடலியக்கத்தை அவ்வளவாக விரும்பவில்லை.

தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கபடியோ சிலம்பமோ ஸ்கிப்பிங்கோ கும்மியோ, குழந்தைக்கு எது பிடிக்கிறது என்று முதலில் அதையே கேளுங்கள். பிடித்ததை ஆட ஒரு மைதானத்தையும் கூட ஆட நாலு பேரையும் கொடுங்கள்.