சுல்தானின் அந்தப்புரமும் 70 ஆயிரம் புகார்களும்

2011 ஜனவரி 5 அன்று துருக்கியின் ஷோ டிவியில் ‘முஹ்தெஷெம் யூஸ்யில்’ தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. ‘மகத்தான நூற்றாண்டு’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசை ஆண்ட சுல்தான் சுலைமானின் கதை. முன்னோட்டக் காட்சிகள் வெளியானபோதே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. சுல்தான் கையில் மதுக்கோப்பை, அந்தப்புரத்தில் அடிமைப் பெண்கள். இது போதுமானதாக இருந்தது. தொலைக்காட்சி அலுவலகத்தின் முன் கூட்டம் கூடிக் கோஷம் போட்டது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு மன்றத்துக்கு 70 ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. வரலாற்று மனிதர் ஒருவரின் அந்தரங்கத்தை வெளிச்சம் போட்டதற்காகத் தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்த மன்றம் எச்சரித்தது. மறைந்து நான்கரை நூற்றாண்டு ஆன மன்னரின் அந்தரங்கம்!

கோபத்தின் வேரைப் புரிந்துகொள்ள, துருக்கியர்களுக்குச் சுலைமான் யார் என்று தெரிய வேண்டும். 1520 முதல் 1566 வரை 46 ஆண்டுகள் ஆண்டவர். பெல்கிரேடைப் பிடித்தவர், மொஹாச் போரில் ஹங்கேரியை வீழ்த்தியவர், 1529இல் வியன்னாவின் வாசல்வரை படை நடத்தியவர். சட்டங்களை ஒழுங்கு செய்ததால் ‘கானூனி’ என்ற பட்டம் அவருக்கு உண்டு. கட்டடக் கலைஞர் சினான் எழுப்பிய சுலைமானியே பள்ளிவாசல் இன்றும் இஸ்தான்புல்லின் குன்றின் மேல் நிற்கிறது. கடைசியில் ஹங்கேரியின் சிகெத்வார் முற்றுகையின்போது பாசறையிலேயே உயிர் விட்டார். பள்ளிப் பாடத்தில் இந்தச் சுலைமானைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, ஹாலித் எர்கென்ச் நடித்த சுலைமான் காதலில் உருகுவதும் மனைவியர் சண்டையில் தவிப்பதும் அவமதிப்பாகப் பட்டது.

2012 நவம்பரில் அன்றைய பிரதமர் எர்டோகனே இதில் இறங்கினார். தொடரில் காட்டப்படுவதுபோன்ற முன்னோர் எங்களுக்குக் கிடையாது; சுலைமான் 30 ஆண்டுகளைக் குதிரை மேல் கழித்தவர், அரண்மனையில் அல்ல என்று பொதுமேடையில் கடிந்துகொண்டார். நீதித்துறை நடவடிக்கை எடுக்கும் என்று எதிர்பார்ப்பதாகவும் சொன்னார். அதன்பின் டர்கிஷ் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் அந்தத் தொடரைக் காட்டுவதை நிறுத்தியது. ஆளும் கட்சி எம்.பி. ஒருவர், வரலாற்று மனிதர்களை இழிவுபடுத்தும் தொடர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றார்.

சுலைமான் 13 படையெடுப்புகளுக்குத் தானே தலைமை தாங்கினார் என்பது உண்மை. ஆனால், பேரரசின் பெரிய முடிவுகள் பல குதிரை மேல் எடுக்கப்படவில்லை. யார் தலைமை அமைச்சர், எந்த மகன் எந்த மாகாணத்துக்குப் போவான், அடுத்த சுல்தான் யார்? இவையெல்லாம் வீட்டுக்குள்ளும் தீர்மானிக்கப்பட்டன. பட்டத்துக்கு வந்தவன் சகோதரர்களைக் கொல்லலாம் என்று வழக்கம் இருந்த குடும்பம் அது. அங்கே ஒரு தாய் தன் மகனுக்காகச் செய்யும் ஒவ்வொரு காரியமும் அரசியல்தான். எனவே, அந்தப்புரத்துக்குள் கேமராவைக் கொண்டுபோனதற்காக மறைந்த திரைக்கதை ஆசிரியர் மெரல் ஒகாயைக் குறை சொல்ல என்னால் முடியாது. இது வரலாற்றைத் தழுவிய புனைவு என்ற அறிவிப்பும் தொடரிலேயே இருந்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கழுத்தும் தோளும் தெரியும் கவுன்கள், ஐரோப்பிய ராணிகள்போல இறுக்கிய இடுப்பு என்று அந்தப்புரப் பெண்களுக்குக் கொடுத்த உடைகள் அந்தக் காலத்து உதுமானிய உடையே அல்ல என்று விமர்சகர்கள் சொன்னது சரி. அதைவிடப் பெரிய பிழை ஹுர்ரெமின் பாத்திரம். இன்றைய உக்ரைனிலுள்ள ரோஹத்தின் பகுதியிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமையாக அரண்மனைக்கு வந்தவர் அவர். சுல்தானின் ஆசைநாயகி ஒரு மகனைப் பெற்றால் அவனோடு மாகாணத்துக்குப் போய்விட வேண்டும் என்பது மரபு. ஹுர்ரெமோ ஐந்து மகன்களைப் பெற்று, தலைநகரிலேயே தங்கி, சுலைமானைச் சட்டப்படி மணந்தும் கொண்டார். இஸ்தான்புல்லே திகைத்துப்போன திருமணம் அது. படையெடுப்பில் இருந்த கணவருக்குத் தலைநகரின் நிலவரத்தைக் கடிதமாக எழுதினார். போலந்து மன்னர் இரண்டாம் சிகிஸ்முண்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. இஸ்தான்புல்லில் அவர் பெயரால் பள்ளிவாசலும் மருத்துவமனையும் எழுந்தன. ஜெருசலேமில் அவர் நிறுவிய அன்னசாலை பல நூற்றாண்டுகள் ஏழைகளுக்குச் சோறு போட்டது. மெரியம் உசெர்லி நடித்த ஹுர்ரெமைப் பார்த்தவர்களின் நினைவில் அதிகம் நிற்பது அவருடைய பொறாமையும் சூழ்ச்சியும்தான். பெண்களை அதிகம் காட்டிவிட்டார்கள் என்று கண்டித்தார்கள். அந்தப் பெண்கள் செய்த வேலையைக் குறைவாகக் காட்டிவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

பார்வையாளர்களோ பிரதமர் பேச்சைக் கேட்டுத் தொடரைக் கைவிடவில்லை. அவர்கள் அதை எவ்வளவு தூரம் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பது 2014 பிப்ரவரியில் தெரிந்தது. இளவரசர் முஸ்தஃபா கொல்லப்படும் பகுதி அப்போது ஒளிபரப்பானது.

அந்தச் சம்பவம் நடந்தது 1553இல், எரெக்லி அருகே சுலைமான் இறங்கியிருந்த பாசறையில். முஸ்தஃபா மூத்த மகன், ஹுர்ரெமின் வயிற்றில் பிறந்தவர் அல்ல, படைவீரர்களின் செல்லப்பிள்ளை. ஆபத்து என்று எச்சரித்தும், அப்பாவைப் பார்க்கத்தானே போகிறேன் என்று ஆயுதத்தைக் களைந்துவிட்டுக் கூடாரத்துக்குள் நுழைந்தார். உள்ளே வாய் பேசாத கொலையாளிகள் காத்திருந்தார்கள். முஸ்தஃபா திமிறிப் போராடியபோது, திரைக்குப் பின்னாலிருந்த சுலைமான் தலையை நீட்டி அவர்களை முறைத்து வேலையை முடிக்கச் சொன்னதாக ஆஸ்திரியத் தூதர் புஸ்பெக் எழுதிவைத்திருக்கிறார். கழுத்தில் கயிறு இறுகியது.

இந்தப் பகுதி ஒளிபரப்பான பிறகு, புர்சா நகரின் முராதியே வளாகத்திலுள்ள முஸ்தஃபாவின் கல்லறைக்கு மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பிரார்த்தனை செய்தார்கள். நாடகத்தைப் பார்த்துவிட்டு நிஜக் கல்லறையில் அழுவதா என்று கேட்டவர்கள் உண்டு. நான் அப்படிக் கேட்க மாட்டேன். 1553இலும் இதுவே நடந்தது. படைவீரர்கள் கொந்தளித்தார்கள். பழி ஹுர்ரெமின் மருமகனான தலைமை அமைச்சர் ருஸ்தெம் பாஷா மேல் விழுந்தது; சுலைமான் அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. கவிஞர் தஷ்லிஜலி யஹ்யா எழுதிய இரங்கற்பா கைக்குக் கை பரவியது. இரண்டே ஆண்டில் ருஸ்தெம் மீண்டும் தலைமை அமைச்சரானார், கவிஞர் தன் பதவிகளை இழந்தார். மன்னர் செய்தது அநியாயம் என்று அன்றைய மக்களே சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் குதிரையும் வாளும் மட்டுமுள்ள வரலாறு நமக்குச் சொல்லித் தராது.

நாடு கடந்தபோது எதிர்ப்பின் முகமும் மாறியது. கிரேக்கத்தில் தொடர் சக்கைப்போடு போட்டது. இதைப் பார்ப்பது துருக்கியரிடம் சரணடைந்துவிட்டோம் என்று சொல்வதற்குச் சமம் என்று தெசலோனிகி பேராயர் அந்திமோஸ் எச்சரித்தார். பாகிஸ்தானில் ‘மேரா சுல்தான்’ என்ற பெயரில் உருதுவில் ஓடியது. வங்கதேசத்தில் ‘சுல்தான் சுலைமான்’ பெற்ற வரவேற்பைக் கண்டு, வெளிநாட்டு டப்பிங் தொடர்களால் பிழைப்பு போகிறது என்று 2016இல் நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் தெருவில் இறங்கினார்கள்.

139 பகுதிகளோடு 2014 ஜூனில் தொடர் முடிந்தது. அதே ஆண்டின் கடைசியில் அரசுத் தொலைக்காட்சி டிஆர்டி, உதுமானிய வம்சத்தின் முன்னோரைப் பற்றிய ‘திரிலிஷ்: எர்துருல்’ தொடரைத் தொடங்கியது. அதில் எர்டோகன் கேட்ட குதிரைகளும் வாள்களும் ஏராளமாக இருந்தன.

தொடரை இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வரலாற்றாசிரியர் லெஸ்லி பியர்ஸ் 1993இல் வெளியிட்ட ‘தி இம்பீரியல் ஹேரம்’ நூலையும் கூடவே படியுங்கள். திரையில் அழுதும் சீறியும் நிற்கும் அந்தப் பெண்கள் நிஜத்தில் எப்படி ஆட்சி செய்தார்கள் என்பது அதில் விரிவாக இருக்கிறது.