வண்டி இழுக்கவில்லையா? என்ஜினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்!

பொழுது இன்னும் விடியவில்லை. சென்னையை அடுத்த வானகரம் மீன் மார்க்கெட்டில் விளக்குகள் எரிகின்றன. ஐஸ் போட்ட பெட்டிகள் இறங்குகின்றன. பேரம் பேசும் குரல்கள் கேட்கின்றன.

வியாபாரி ஒருவர் இரண்டு பெட்டி மீன் வாங்கி, தம் பழைய மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் வண்டி ஓடுகிறது. மதுரவாயல் பக்கம் மேம்பால ஏற்றம் வந்ததும் திணறுகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும், தொண்டை அடைத்தவர் போல் முனகுகிறது. இறங்கித் தள்ளுகிறார். வெயில் ஏறுகிறது. ஐஸ் உருகுகிறது. மீன் கெட்டுப்போனால் போட்ட முதலும் போச்சு!

"என்ஜின் வேலை வந்துவிட்டது. போர் செய்து புதுப் பிஸ்டன் போடவேண்டும்" என்று யாராவது சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்? ஆனால் நோய் எப்போதும் என்ஜினுக்குள் இருப்பதில்லை. செலவில்லாமல் பார்க்கக்கூடிய இடங்கள் பல இருக்கின்றன.

இரண்டே ஓட்டம்!

1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. இரண்டு பேர் ஏறிச் செல்லலாம், மூட்டையும் கட்டலாம். பால்காரர், பூக்காரர், மீன்காரர் என்று எல்லோருக்கும் அது கைகொடுத்தது. அது "டூ ஸ்டிரோக்" வண்டி. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 "போர் ஸ்டிரோக்" வகை. ஆனாலும் பழைய டூ ஸ்டிரோக் வண்டிகள் இன்றும் பாரம் சுமக்கின்றன.

டூ ஸ்டிரோக் என்றால் என்ன? பிஸ்டன் ஒரு தடவை மேலே போய், ஒரு தடவை கீழே வந்தால் ஒரு சுற்று வேலை முடிந்துவிடும். போர் ஸ்டிரோக்கில் இரண்டு தடவை போய் வரவேண்டும். டூ ஸ்டிரோக் மொபெட் என்ஜினில், போர் ஸ்டிரோக்கில் உள்ளது போன்ற வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. பிஸ்டனுக்கு வழுவழுப்புத் தர, பெட்ரோலிலேயே ஆயில் கலக்கிறோம். அந்த ஆயிலும் சேர்ந்து எரிகிறது. புகை வருவதும், கரி படிவதும் அதனால்தான்.

முதலில் எதைப் பார்ப்பது?

வண்டியை ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றவில்லையா? பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கலாம். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி நகர மறுக்கிறதா? கிளட்ச் தேய்ந்து இருக்கலாம்.

அடுத்தது பெட்ரோல். சிறிது தூரம் நன்றாக ஓடி, பிறகு திணறினால், பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். உடனே சரியானால், மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது என்று பொருள். டாங்கின் அடியில் உள்ள வடிகட்டியிலும், கார்புரேட்டரிலும் தூசி சேரலாம். ஏர் பில்டரில் புழுதி அடைத்தாலும் என்ஜினுக்கு மூச்சுத் திணறும்.

பிளக் சொல்லும் சேதி

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போல, மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நுனி காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்து, எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். அல்லது நெருப்புப் பொறி சரியில்லை. வெளுத்திருந்தால் எச்சரிக்கை! பெட்ரோல் குறைவாக வருகிறது. அல்லது எங்கோ காற்றுக் கசிகிறது. அப்படியே ஓட்டினால் என்ஜின் கொதித்து, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் "சீஸ்" ஆகிவிட்டது என்கிறார்கள்.

கள்ளன் சைலன்சரில்!

பிளக் நல்ல நிறத்தில் இருந்தும் வண்டி அடைத்த குரலில் முனகினால், சைலன்சரைச் சந்தேகிக்க வேண்டும். எரிந்த ஆயிலின் கரி சைலன்சருக்குள்ளும், புகை வெளியேறும் துவாரத்திலும் நாள்தோறும் படிகிறது. பழைய புகை வெளியே போனால்தானே புதிய பெட்ரோல் ஆவி உள்ளே வரும்? புகைபோக்கி அடைத்த அடுப்பு எரியுமா?

என்ஜின் ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்றிக் கரியை எடுக்கவேண்டும். சிலிண்டர் துவாரத்தைக் கூரான இரும்பால் சுரண்டக்கூடாது. பிஸ்டனில் கீறல் விழும். பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இதற்குப் பிறகும் இழுக்கவில்லை என்றால்தான் என்ஜினுக்குள் போகவேண்டும். கிக்கரை உதைக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் காலோடு இறங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். கிராங்க் பக்கத்து ஆயில் சீல் கெட்டாலும் காற்றுக் கசிந்து பலம் குறையும்.

ஆயிலில் சிக்கனம் வேண்டாம்

ஆயிலைக் குறைத்தால் காசு மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு! பிஸ்டனுக்கே ஆபத்து. கூடுதலாக ஊற்றினால் என்ஜினுக்கு வலு என்பதும் தவறு. கரிதான் சேரும். 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்றால், ஒரு லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் வண்டிக்கு என்ன கணக்கு என்பதை, வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து அளந்து ஊற்றுங்கள்.

அந்த மீன் வியாபாரியின் வண்டிக்கும் சைலன்சர் கரிதான் காரணம் என்றால், அரை நாள் வேலையில் தீர்ந்துவிடும். மறுநாள் விடியற்காலையில் அதே இரண்டு பெட்டியோடு அவர் பாலம் ஏறிவிடுவார். போர் வேலைக்குப் போகவிருந்த பணம் வீட்டில் இருக்கும்.

நாடி பார்த்த பிறகே மருந்து. வண்டிக்கும் அதுதான் முறை!