சைக்கிளில் ஒரு நாள்: தேக்கா முதல் பூமலை வரை

சிங்கப்பூர் என்றதும் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? தீபாவளிக்கு முன் தேக்காவில் சேலை எடுப்பது, நகைக்கடை, தைப்பூசக் காவடி, திரும்பும் பேருந்தின் நேரம். அவ்வளவுதான். காலையில் வந்து, மாலையில் மூட்டை முடிச்சுகளோடு ஜொகூர் பாலத்தைக் கடந்துவிடுவோம். நாற்பது ஆண்டுகளாக அங்கேயே குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் ஊர் என்றால் வேலை, வீடு, சந்தை இம்மூன்றுதான். இடையில் இருப்பவற்றை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம்.

பணி ஓய்வு பெற்றதும் என் கணவர் இரண்டு மடக்குச் சைக்கிள்களை வாங்கி வந்து தோ பாயோ வீட்டு வாசலில் நிறுத்தினார். "என்னங்க, இந்த வயசுலயா?" என்றேன். "தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நாலு மைல் மிதிச்சவதானே நீ?" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் புறப்பட்டோம்.

முதலில் தேக்கா. பசியாறாமல் ஊர் சுற்ற முடியுமா? தோசையும் தே தாரேக்கும் முடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி நடந்தோம். தேக்கா என்பது சீனப் பெயர். ஹொக்கியன் மொழியில் மூங்கில் அடிவாரம் என்று பொருள். மலாய்க்காரர்கள் இதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்றார்கள். பஃபலோ ரோடு என்ற பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1982இல் புதுச்சந்தை திறந்தபோது அதற்கு மாண்டரின் உச்சரிப்பில் ஜுஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். நம்மவர் வாயில் அது நுழைந்தால்தானே! 2000ஆம் ஆண்டில் மறுபடியும் தேக்கா என்றே பெயர் மாறியது. சனங்களின் நாக்கு வென்ற இடம் இது.

மாடுகள் இருந்தால் மாட்டுக்காரர், பால்காரர், தோல் பதனிடுவோர், வண்டிக்காரர் எல்லாரும் இருப்பார்கள். சிராங்கூன் சாலை நம் சாலை ஆனது இப்படித்தான். வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் வட்டாரத்துக்குப் பழைய பெயர் சுண்ணாம்புக் கம்பம். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. இந்தச் சுண்ணாம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் மறுபடியும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சாலையில் எங்களைப் போலச் சைக்கிளில் வருவோர் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகள். ஊருக்குப் பணம் அனுப்பவும், முடி வெட்டவும், நண்பனைப் பார்க்கவும் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது நம் தாத்தாமாரை இளவயதில் பார்ப்பது போலவே எனக்குத் தோன்றும்.

காளியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பெருமாள் கோயில் வரை மிதித்தோம். 1855இல் தொடங்கிய கோயில் அது. தைப்பூசக் காவடிகள் அங்கிருந்துதான் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படுகின்றன. அதன் கோபுரத்துக்குப் பொருள் தந்த கோவிந்தசாமிப் பிள்ளை இதே சிராங்கூன் சாலையில் மளிகைக் கடையில் வேலைக்கு நின்று, பிறகு சொந்தக் கடைகள் கண்டவர். பழைய ஆட்கள் அவரைப் பி.ஜி.பி. என்பார்கள்.

அங்கிருந்து திரும்பி டோபி காட். இன்று பெரிய ரயில் சந்திப்பு. அன்று வண்ணார்கள் ஓடையில் துணி துவைத்துப் புல்வெளியில் காயப்போட்ட இடம். ஓடை இப்போது சாலைக்கு அடியில் மூடிய கால்வாயாக ஓடுகிறது. பக்கத்தில் கேத்தே கட்டடம். 1943 அக்டோபர் 21ஆம் நாள் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தது இந்தக் கேத்தே அரங்கில்தான். மறுநாளே வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியது. அதில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் சற்று நேரம் இறங்கி நின்றேன். பெரட்டுக்கு நின்ற கால்கள் அங்கே அணிவகுத்து நின்றிருக்கின்றன!

பக்கத்திலேயே பிராஸ் பாசா சாலை. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் சிறை அங்கே இருந்தது. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரின் சாலைகளையும் பாலங்களையும் பெரிய கட்டடங்களையும் எழுப்பியதில் அவர்கள் கை பெரிது. அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அவர்கள் உழைப்பே. அருகில் வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரைத் தடவிப் பாருங்கள். சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிய மதராஸ் சுண்ணாம்பு அது. காய்ந்தபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவம் கடல் கடந்து, கால் விலங்கோடு வந்திருக்கிறது.

எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச் சின்னம் இருந்த இடத்தைப் பார்த்தோம். 1945 ஜூலை 8ஆம் நாள் நேதாஜி அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த ஆங்கிலேயர் சில வாரங்களிலேயே அதை இடித்தார்கள். இப்போது இருப்பது 1995இல் வைத்த அடையாளப் பலகை. கடற்காற்றில் இளைப்பாறியபோது கணவர், "சிங்கப்பூரையே சைக்கிளில் வந்துதான் பிடிச்சான்!" என்று சிரித்தார். உண்மைதான். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர், ரப்பர் தோட்டத்து மண் பாதைகளிலும் சைக்கிள் ஓட்டி எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், இத்தீவைப் பிடித்தார்கள். டயர் வெடித்தால் வெறும் வளையத்தோடு ஓட்டுவார்களாம். அந்த இரைச்சலை டாங்கி என்று நினைத்து அஞ்சியவர்கள் உண்டு.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். 1819இல் ராஃபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுப்பியது. கூட்டம் நெரிந்ததால் வாசலில் கும்பிட்டுவிட்டுத் தஞ்சோங் பகாருக்கு மிதித்தோம்.

வாசகர்களில் பலருக்கு அந்தப் பழைய ரயில் நிலையம் நினைவிருக்கும். 1983இல் மஞ்சள் காயாத தாலியோடு குளுவாங்கிலிருந்து வந்து நான் இறங்கியது அங்கேதான். 1932இல் திறந்த நிலையம். உள்ளே உயரமான சுவர்ச் சித்திரங்களில் நெல் நடவு, ஈயச் சுரங்கம், மாட்டு வண்டியோடு ரப்பர் மரம் வெட்டுவோரும் இருந்தார்கள். "அதோ பார், அம்மா!" என்று அன்று இவர் வேடிக்கையாகக் காட்டினார். 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே அதை ஓட்டிச் சென்றார்.

தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த அந்த 24 கிலோமீட்டர் நிலம், உட்லண்ட்ஸ் வரைக்கும் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரிய பசும்பாதையாக விடப்பட்டிருக்கிறது. நாங்கள் ஏறிய பகுதியில் இரு பக்கமும் மரம், பறவைச் சத்தம். ஐந்து நிமிடத்தில் நகரம் மறைந்துவிட்டது. ஒரு காலத்தில் எஸ்டேட் சனங்களை ஏற்றிக்கொண்டு ரயில் வந்த அதே வழியில் எதிர்த்திசையில் மிதித்துக்கொண்டிருந்தோம். புக்கிட் தீமா நிலையத்தையும் அதை அடுத்த இரும்புப் பாலத்தையும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். நிழலில் உட்கார்ந்து கட்டிச் சோற்றைப் பிரித்தோம்.

மாலையில் பூமலை. 1859இல் அமைந்து, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற தாவரவியல் தோட்டம். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது ஆர்க்கிட் பூ காட்ட எத்தனையோ தடவை வந்திருக்கிறோம். இந்தத் தடவை ரப்பர் மரத்தைத் தேடிப் போனோம்.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. சிலவற்றை இங்கே நட்டார்கள், சில கோலகங்சாருக்குப் போயின. 1888இல் இத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டார். கோடாரியால் கொத்தாமல், மீன் முள் போலச் சாய்வாகப் பட்டையைக் கீறி, மறுமுறை அதே காயத்தின் ஓரத்தில் மெல்லிய சீவல் எடுப்பது. நம் அம்மாக்கள் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு உளி பிடித்த வேலையின் மூலப்பாடம் இதுவே. காப்பிப் பயிரிட்டவர்கள் அவரைப் பித்தன் என்றார்கள். சட்டைப் பையில் விதையோடு திரிந்தாராம். 1896இல் மலாக்காவில் டான் சே யான் துணிந்து நட்டார். பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயர் வேண்டியதாயிற்று. கரும்புக்கும் காப்பிக்கும் முன்பே வந்த நம்மவர் உண்டு. ஆனால் இலட்சக்கணக்கில் கப்பலேற்றியது இந்த மரம்தான். ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956இல் மறைந்தார். அவர் பெயர் இங்கே எழுதியிருக்கிறது. மரம் வெட்டியவர்களின் பெயர் பெரட்டுப் புத்தகத்தோடு போயிற்று.

என் மாமியார் முப்பது ஆண்டுக்கு மேல் மரம் வெட்டினார். அவர் வெட்டிய நிரையில் இப்போது வீடமைப்பு வந்துவிட்டது, காட்டுவதற்கு ஒரு மரமும் மிச்சமில்லை. பூமலை மரத்தடியில் இவர் நின்று பட்டையை உள்ளங்கையால் அளந்து, "அம்மா இந்த உயரத்திலதான் கோடு போடுவாங்க" என்றார். கீழே கிடந்த ஒரு கொட்டையை எடுத்துச் சிமெண்டில் தேய்த்து என் மணிக்கட்டில் வைத்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், எப்படிச் சுடும் என்று! பக்கத்தில் ஒரு சீனக் குழந்தை தனக்கும் வேண்டும் என்று கையை நீட்டியது. அதற்கு மெதுவாகத் தேய்த்து வைத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மடக்குச் சைக்கிளை ரயிலில் எடுத்துச் செல்லலாம். சொந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் கைப்பேசி வழியாக வாடகைக்கும் கிடைக்கும். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். நடைபாதையில் மெதுவாகவே போக வேண்டும். பூமலைக்குள் சைக்கிள் ஓட்டக்கூடாது, வாசலில் பூட்டிவிட்டு நடந்து செல்லுங்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். ரப்பர் மரத்தைப் பார்க்கக் காசு வேண்டாம். நண்பகல் வெயிலுக்குத் தண்ணீர்ப் போத்தலும், வயதானவர்களுக்கு ஒரு தைலப் புட்டியும் அவசியம். மறுநாள் எனக்கு முழங்கால் இரண்டும் பேசின, தைலம் தேய்த்துவிட்டவர் இவரேதான்.