மூன்று பேர், மூன்று வெற்றிடங்கள்

மறைந்த தொகுதிகள் – 7: காங்கேசன்துறை

சென்ற வாரம் வட்டுக்கோட்டையில் நின்றோம். இந்த வாரம் அங்கிருந்து வடகிழக்கே, கடலோரமாக, காங்கேசன்துறைக்குப் போவோம்.

ஒரு தொகுதியின் கதையைச் சொல்லவேண்டுமானால் அங்கே வென்றவர்களின் பட்டியலைத்தான் முதலில் எடுப்போம். காங்கேசன்துறைக்கு அந்தப் பட்டியல் ஒரு வரியில் முடிந்துவிடும்: சு. நடேசபிள்ளை, சா. ஜே. வே. செல்வநாயகம், அ. அமிர்தலிங்கம். அரசாங்க சபைக் காலத்திலிருந்து தனித்தொகுதி முறை முடியும்வரை இந்த மூவர்தான். ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு காங்கேசன்துறையை விளங்கிக்கொள்ள முடியாது. அந்த ஆசனம் மூன்று முறை ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. மூன்று முறையும் வெவ்வேறு காரணம். வென்றவர்களின் கதையைவிட அந்த வெற்றிடங்களின் கதைதான் இலங்கைத் தமிழ் அரசியலை நமக்குத் தெளிவாகச் சொல்லும்.

துறையும் மண்ணும்

ஊரின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. குதிரை முகத்தோடு வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குணமடைந்தாள். நன்றிக்கடனாக மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எழுப்பினாள். அந்தக் காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று என்பது ஐதீகம். அதற்கு முன் கயாத்துறை என்று அழைத்தார்களாம்.

கடற்கரையில் மயிலிட்டி போன்ற மீன்பிடி ஊர்கள். உள்ளே வந்தால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டங்கள். அந்தச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை நம்பித்தான் சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் ஆண்டுகளில் இங்கே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. புகையிரதப் பாதையும் இங்கேதான் முடிந்தது. கோயில், கடல், தோட்டம், ஆலை எல்லாம் ஒரே தொகுதிக்குள். சைவப் பற்றும் மிஷன் பள்ளிக்கூடப் படிப்பும் இடதுசாரித் தொழிற்சங்கமும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் வளர்ந்த மண் இது.

முதல் வெற்றிடம்: மக்கள் தாமே விட்டது

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவின் பல நாடுகள் கனவிலும் காணாத உரிமை அது. ஆனால் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் கேட்டது பூரண சுயராச்சியம். டொனமூர் தந்தது அதுவல்ல என்று சொல்லி அவர்கள் பகிஷ்கரிப்புக்கு அறைகூவினார்கள். காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை.

தென்னிலங்கை தொடர்ந்து வரும் என்று அந்த இளைஞர்கள் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. குடாநாடு மட்டும் சபைக்கு வெளியே நின்றது. 1934இல் இடைத்தேர்தல் நடந்தபோதுதான் காங்கேசன்துறைக்கு முதல் பிரதிநிதி கிடைத்தார்.

அவர்தான் நடேசபிள்ளை. தமிழகத்தில் பிறந்து இங்கே வந்தவர். தமிழறிஞர். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வரக் கல்லூரியின் அதிபர். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்பது அந்தக் கல்லூரி வளவில்தான். 1936 தேர்தலிலும் அவரே வென்றார்.

வெளியே பிறந்த இருவர்

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தல். காங்கேசன்துறையில் தமிழ்க் காங்கிரஸின் வேட்பாளராக நின்று வென்றவர் வழக்கறிஞர் செல்வநாயகம். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். சிறு வயதில் தாயோடு தெல்லிப்பளைக்கு வந்து யூனியன் கல்லூரியில் படித்தவர். மெல்லிய குரல், மெலிந்த தேகம், கிறிஸ்தவர்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார். செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் வன்னியசிங்கமும் செனட்டர் நாகநாதனும் பிரிந்தார்கள். இன்று மலையகத் தொழிலாளர்களுக்கு நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்பதே செல்வநாயகம் முன்வைத்த எச்சரிக்கை. 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது.

1952இல் தொகுதி அவரைத் தோற்கடித்தது. வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசபிள்ளை. இந்தத் தேர்தலை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் உரிமையைப் பறித்த கட்சிக்காக நின்றவர் தாமே இந்தியாவில் பிறந்தவர். அந்தத் தொழிலாளர்களுக்காகப் பதவியைப் பணயம் வைத்தவர் மலாயாவில் பிறந்தவர். யாருடைய பிறந்த மண்ணையும் யாழ்ப்பாணம் கேட்கவில்லை. இருவரையும் தன் பிள்ளைகளாகவே எடுத்துக்கொண்டது. மலையகத்துத் தொழிலாளிக்கு அந்த மனம் அன்று கிடைக்கவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு நேர்ந்தது அப்போது தெல்லிப்பளை வாக்காளரின் வாசலுக்கு வந்திருக்கவில்லை.

வாசலுக்கு வர நான்கு ஆண்டுகள் போதுமானதாயிற்று. சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசில் நடேசபிள்ளை அஞ்சல், ஒலிபரப்பு அமைச்சராக இருந்தார். 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தபோது அந்தக் கட்சியிலிருந்த தமிழர்களுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் செல்வநாயகம் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு உயிருள்ளவரை காங்கேசன்துறை அவரைக் கைவிடவில்லை. 1960இல் மார்ச்சிலும் ஜூலையிலும், பிறகு 1965, 1970 என்று வெற்றி தொடர்ந்தது.

ஊரார் கொடுத்த இரவல்

1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம். அடுத்த ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம். ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் பனாகொடைத் தடுப்பு முகாமும். 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்காவுடன் ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. இவை எல்லாவற்றிலும் தமிழர் சார்பில் முன்நின்றவர் காங்கேசன்துறையின் உறுப்பினர். வீதியும் விளக்கும் கேட்டு அலையவேண்டிய தங்கள் உறுப்பினரை அந்த ஊரார் வடக்கு, கிழக்கு இரண்டு மாகாணத் தமிழருக்கும் இரவலாகக் கொடுத்திருந்தார்கள் என்றே சொல்லவேண்டும். தொகுதிக்கு அதனால் நட்டம் இருந்திருக்கும். ஆனாலும் வாக்கு மாறவில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அதை நடத்தியது. கோயில் இருந்தது செல்வநாயகத்தின் தொகுதியில். தான் கிறிஸ்தவன், சைவக் கோயில் விடயத்தில் தலையிடுவது முறையல்ல என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அந்தத் தயக்கம் விளங்கக்கூடியது. ஆனால் கச்சேரி வாசலில் அமர்ந்த தலைவர் கோயில் வாசலிலும் அமர்ந்திருக்கலாம் என்று அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எதிர்பார்த்ததில் முழு நியாயம் இருந்தது. இடதுசாரிகளுக்கு இந்தத் தொகுதியில் ஒரு நிலையான வாக்கு இருந்ததற்கு இப்படிப்பட்ட வாசல்களும் காரணம்.

இரண்டாம் வெற்றிடம்: அரசு திறக்க மறுத்தது

1972 மே 22இல் குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் அரசியலமைப்பிலேயே முதலிடம். சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவின் காப்பு போயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் செல்வநாயகம் தேசிய அரசுப் பேரவையில் எழுந்து ஆசனத்தைத் துறந்தார். இந்த அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா என்பதை என் தொகுதியில் கேட்டுப் பாருங்கள் என்பதே அவர் விடுத்த சவால்.

ஒரு தொகுதியை ஒரு முழு இனத்தின் கருத்தறியும் களமாக்கிய செயல் அது. அதனாலேயே அரசு தேர்தலை வைக்கவில்லை. பாதுகாப்பு நிலைமை என்று காரணம் சொல்லி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் இளைஞர்களின் நெஞ்சில் மூட்டிய கோபம் அந்த இடைவெளியில்தான் முற்றியது. 1974 ஜனவரி 10இல் யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பலியானதும் அப்போதுதான். வாக்குப் பெட்டியில் விழவேண்டிய பதில் வேறு வழி தேடத் தொடங்கிய காலம் அது. தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் ஓர் ஆசனத்தைத்தான் பூட்டுவதாக நினைத்தார்கள். வாக்கினால் எதையும் சொல்லமுடியும் என்ற நம்பிக்கையும் அதோடு பூட்டப்பட்டது.

1975 பெப்ரவரி 6இல் இடைத்தேர்தல் நடந்தது. எதிரே நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். 1970இலும் இதே தொகுதியில் போட்டியிட்டவர். ஊரில் மதிப்பும் நாவன்மையும் உள்ளவர். செல்வநாயகத்துக்கோ உடல்நடுக்க நோய் முற்றியிருந்தது. காது கேட்பது குறைந்து, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே விளங்காத நிலை. முடிவு வந்தபோது செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், பொன்னம்பலத்துக்கு 9,457. 1970 பொதுத்தேர்தலில் செல்வநாயகம் பெற்றது 13,520. பேசமுடியாதவருக்கு ஊர் ஏறத்தாழ இரண்டு மடங்கு வாக்குக் கொடுத்திருந்தது.

அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டுதான் 1976 மே 14இல் பண்ணாகத்தில் செல்வநாயகம் தலைமையிலான தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1977 ஏப்ரல் 26இல் செல்வநாயகம் காலமானார். அந்தக் கிறிஸ்தவரின் உடல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் தகனம் செய்யப்பட்டது.

மூன்றாம் வெற்றிடம்: சட்டம் மூடியது

1970இல் வட்டுக்கோட்டையில் தோற்ற அமிர்தலிங்கத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். 1977 ஜூலையில் அவர் உதயசூரியன் சின்னத்தில் நின்றது காங்கேசன்துறையில். தலைவரின் ஆசனம் தளபதிக்குப் போயிற்று. 18 ஆசனங்களோடு கூட்டணி இரண்டாவது பெரிய கட்சியானது. காங்கேசன்துறையின் உறுப்பினர் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் தமிழர் அவரே.

இந்தத் தொகுதி அடைந்த மிக உயர்ந்த இடம் அது. ஆறே ஆண்டுகள் நீடித்தது. 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து, ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்யவேண்டும். தனிநாட்டுக்கே ஆணை கேட்டு வென்ற கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குப் போகவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் அமிர்தலிங்கம் ஆசனத்தை இழந்தார். 1988 டிசம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அந்த இடத்தில் எவரும் அமரவில்லை.

அதற்குள் 1978 அரசியலமைப்பு தனித்தொகுதிகளை முடித்துவைத்திருந்தது. 1989 பெப்ரவரியில் விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது காங்கேசன்துறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பிரிவாகச் சுருங்கியிருந்தது. அதன் கடைசி உறுப்பினர் அந்தத் தேர்தலில் நின்றது மட்டக்களப்பில். அங்கே தோற்று, தேசியப் பட்டியல் மூலம் சபைக்குள் போனார். அவ்வாண்டு ஜூலை 13இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எஞ்சியிருப்பது

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு முழுவதும் எழுந்து ஓடியது. தெல்லிப்பளை, மாவிட்டபுரம், கீரிமலை, மயிலிட்டி ஊர்களின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. ஆலை நின்றது. புகையிரதம் நின்றது. அதுவரை ஆசனம்தான் காலியாகியிருந்தது; இப்போது வாக்காளரின் வீடுகளே காலியாகின. 2015இல் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் திரும்பி வந்தது. காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்படுகின்றன. எல்லாமே இன்னும் கைக்கு வந்துவிடவில்லை.

தேர்தல் இரவுகளில் யாழ்ப்பாண மாவட்ட முடிவுகள் ஒவ்வொன்றாக வரும்போது காங்கேசன்துறை என்ற பெயர் இன்றும் வாசிக்கப்படுகிறது. வாக்கு எண்ணுவதற்கு அந்தப் பிரிவு போதும். ஆனால் 1975இல் ஓர் அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப் பயந்த கேள்விக்கு அந்தப் பெயரால் பதில் சொல்ல முடிந்தது. முதல் முறை ஆசனத்தை வெறுமையாக விட்டவர்கள் மக்கள். இரண்டாம் முறை அரசாங்கம். மூன்றாம் முறை சட்டம். நிரப்பும் வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் அந்த ஊர் வரிசையில் நின்று நிரப்பியிருக்கிறது. இந்தத் தொகுதியின் வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த வரிசைதான்.

அடுத்த வாரம்: 1952இல் செல்வநாயகம் தோற்றபோது குடாநாட்டில் தமிழரசுக் கட்சியின் ஒரே விளக்கை அணையாமல் காத்த கோப்பாய்.

(தொடரும்)